குளத்தங்கரையில் மறித்து நின்றவர்

தொண்ணூறுகளில் ஒரு கோடையில் எங்கள் குளத்துத் தண்ணீர் பச்சைச் சாயமாக மாறியது. அதைக் குடித்த என் பசு செத்தது. தண்ணீரைச் சோதிக்கப் பாளையங்கோட்டையிலிருந்து கல்லூரி ஆசிரியை ஒருவர் வந்தார். சேலையை இடுப்பில் செருகியிருந்தார். பேச்சுக்குப் பேச்சு மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். பசுவைக் கொன்றது குளத்துப் பாசியின் விஷம் என்றார்.

"பாசி எப்பவும் உள்ளதுதானம்மா. இப்ப மட்டும் ஏன் கொல்லுது?" என்றேன்.

"வயல்ல போட்ட யூரியா வடிஞ்சு இங்கன வருதுல்லா அண்ணாச்சி. அதைத் தின்னு பாசி பெருகுது, விஷமும் கூடுது."

அதற்குள் மற்ற மாடுகள் தாகத்தில் கரையிறங்கின. அவர் ஓடிப்போய்க் கைகளை விரித்து மறித்தார். கொம்பு உரசியும் நகரவில்லை.

"வேற தண்ணிக்கு ஆத்துக்குத்தான் ஓட்டணும். தூரமாச்சேம்மா" என்றேன்.

"பைய ஓட்டுங்க. நானும் வாரேன்."

வெயிலில் தாமிரபரணி வரை கூடவே நடந்தார். கடைசி மாடும் குடித்த பிறகுதான் பஸ்ஸுக்குப் போனார். என் மாடுகளுக்காக அவருக்கு ஏன் அத்தனை பிடிவாதம் என்று இன்றும் யோசிப்பேன்.