நெஞ்சில் ஊசி நின்ற பொம்மை

வேலையிலிருந்து வந்ததும் டீ போடுவதற்கு முன்னால் இந்துமதி துணிப்பையைத்தான் கொட்டுவாள். அவள் செக்கிங் பார்க்கும் பனியன் கம்பெனியில் அன்றைக்கு எந்தக் கலர் ஓடியதோ, அந்தக் கலர் வெட்டுத்துணி. அதில் தினம் ஒரு பொம்மை. சாமி பொம்மையல்ல, அலங்காரப் பொம்மையுமல்ல. காலையில் அவள் தெருவில் கம்பெனி வேனுக்கு நிற்கிற ஆட்களில் ஒருவர். கழுத்து வலிக்கார டெய்லர் கழுத்தைச் சாய்த்திருப்பாள். ஒடிசாக்காரர் நின்றபடியே தூங்குவார். மொட்டைமாடிப் படிக்கட்டின் கம்பி வலையில் ஒவ்வொருவராகப் பொம்மையாய் ஏறிக்கொண்டிருந்தார்கள். கீழிருந்து உச்சிவரை வலை நிறைய வேண்டும். எத்தனை வருஷமானாலும் நிறுத்தப்போவதில்லை என்றாள். எதற்கு என்று கேட்டவர்களிடம், இந்தத் தெரு தைத்த பனியன் உலகமெல்லாம் போகிறது, தைத்தவர் முகம் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை, அதற்குத்தான் என்றாள்.

அவள் வாடகைக்கு இருந்தது மாடியில். கீழே துணி பின்னும் நிட்டிங் மெஷின் போட்டிருந்தார் வீட்டு ஓனர் அர்த்தநாரி. ஆடி பிறந்ததிலிருந்து மெஷினில் ஊசி உடைந்துகொண்டே இருந்தது. நூல் சரியில்லை என்று ஆபரேட்டர் சொன்னார். அர்த்தநாரி மெஷினுக்கு எலுமிச்சம்பழம் கட்டினார். கம்ப்யூட்டரில் ஓடுகிற மெஷினுக்குக் காவல் ஒரு பழம். அப்படியும் உடைந்தது. அப்போதுதான் மாடிக்குப் போனவர், பாதி தைத்த பொம்மையின் நெஞ்சில் ஊசி நிற்பதைப் பார்த்தார். தையலைப் பாதியில் விடுகிறவள் ஊசியை வேறெங்கே குத்திவைப்பாள்? அவருக்கு அது தோன்றவில்லை. மேலே குத்தினால் கீழே உடைகிறது என்று கணக்குப் போட்டுவிட்டார். செய்வினையாம்.

அமாவாசையன்று அத்தனையையும் எரிக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார். தெருவும் அவர் பக்கம் சாய்ந்தது. நேற்றுவரை தன் பொம்மையை ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட பக்கத்து வீட்டுப் பெரியாத்தாளே, தன்னுடையதை முதலில் கழற்றிவிடச் சொன்னாள்.

இந்துமதி கெஞ்சவில்லை. தன்னையே ஒரு பொம்மையாகத் தைத்தாள். தன் பழைய சேலையில் கிழித்த சேலை, தன் தலைமயிரிலேயே கொண்டை. அமாவாசையன்று எல்லோரும் வேனிலிருந்து இறங்கும் நேரம் பார்த்து, பொம்மையையும் ஊசி டப்பாவையும் அர்த்தநாரியிடம் நீட்டினாள்.

"இது நானுங்க. மயிரு முதக்கொண்டு என்னுது. எங்க வேணும்னாலும் குத்துங்க. நாளைக்கு நான் வேலைக்குப் போகலீன்னா அத்தனையும் எரிச்சுப் போடுங்க. போனேன்னா இந்தப் பேச்சை விட்டுருங்க."

"அந்தப் பாவத்தை என் தலையில கட்டாத அம்மிணி." அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அப்ப நானே குத்திக்கிறனுங்க."

கண்ணில் ஒன்று, நெஞ்சில் ஒன்று, டப்பா காலியாகும்வரை குத்தினாள். அப்படியே கொண்டுபோய்த் தெருவுக்கே தெரியும்படி வலையில் மாட்டினாள்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வேனுக்கு நின்றது அவள்தான். பெரியாத்தாள் அவளைத் தலையிலிருந்து கால்வரை இரண்டு தரம் பார்த்துவிட்டு, தன் பொம்மையைக் கழற்ற வேண்டாம், மூக்குத்தி மட்டும் விட்டுப்போயிருக்கிறது, அதை வைத்துத் தைக்கச் சொன்னாள்.

அர்த்தநாரி வாசலுக்கு வந்தார். எரிப்பதைப் பற்றிப் பேசவில்லை.

"இன்னைக்குத் தைக்கிறது உங்க பொம்மைதானுங்க" என்றாள் இந்துமதி.

அவர் வலையில் ஊசியோடு தொங்கிய அவள் பொம்மையை அண்ணாந்து பார்த்தார். "ஊசி குத்தாம பண்ணு."

"குத்தாம எப்படீங்க தைக்கிறது?"

வேன் வந்தது. ஏறிக்கொண்டாள்.