அமலா வைத்த தேதி

திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் இருக்கிறது அமலாவின் கார் சீட் தைக்கும் கடை. போர்டு கிடையாது. வைக்கச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். "தேடிக்கினு வர்றவங்களுக்கு வழி தெரியும்" என்பதோடு பேச்சை முடித்துவிடுவாள்.

இருபத்தொரு வயதில் அவள் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மெக்கானிக் ஒருநாள் அம்பாசிடர் சீட் ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, "முடியுமா பாரும்மா" என்றார். ரெக்சினுக்கு ஊசியே வேறு என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? வீட்டுத் தையல் மிஷினில் வைத்து ஒரே பகலில் ஏழு ஊசியை ஒடித்தாள். எட்டாவது ஊசியில் தைத்து முடித்தாள். நானாக இருந்தால் மூன்றாவது ஊசியிலேயே சீட்டைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன்.

ஆரம்ப காலத்தில் ஒரு வேன்காரர், "போன மாசம்தான் தெச்ச, அதுக்குள்ள பிரிஞ்சிடிச்சு" என்று சண்டைக்கு வந்தார். தைத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சாட்சி இல்லை. வாயை மூடிக்கொண்டு சும்மா தைத்துக் கொடுத்தாள். அன்றைக்குத் தொடங்கியது ஒரு பழக்கம். சீட்டை மூடும் முன், சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, ஓரத்தில் 'அ' என்று எழுதி, தேங்காய் நாருக்கும் ரெக்சினுக்கும் நடுவில் வைத்துத் தைத்துவிடுவாள். அப்புறம் எவர் வந்து வாயடித்தாலும் நாலு தையலைப் பிரித்துத் தேதியைக் காட்டினால் போதும்.

அந்தத் தாள் வேறொரு வேலைக்கும் உதவ ஆரம்பித்தது. பழைய கார் வாங்குவது தர்பூசணி வாங்குகிற மாதிரி. வெளியே தட்டித் தட்டிப் பார்க்கலாம், உள்ளே இருப்பது அறுத்தால்தான் தெரியும். எந்த வருஷத்து மாடல் என்பதில் விற்கிறவர்கள் கொஞ்சம் முன்னே பின்னே சொல்வதுண்டு. அதனால் வாங்குகிறவர்கள் அமலாவைக் கையோடு கூட்டிப்போனார்கள். ஆர்.சி. புக்கை நம்பாதவன்கூட அவள் சீட்டுக்குள்ளிருந்து எடுக்கும் தாளை நம்பினான். அவள் இதற்காக யாரிடமும் கை நீட்டியதில்லை. டீ மட்டும் குடிப்பாள், அதுவும் சர்க்கரை இல்லாமல்.

போன வருஷம் கோட்டக்குப்பத்திலிருந்து சிக்கந்தர் பாட்சா அமலாவிடம் வந்தார். குவைத்தில் இருபது வருஷம் டிரைவர். முதலாளியின் ஸ்போர்ட்ஸ் கார்களைத் துடைத்து, ஓட்டி, நிறுத்தி, சாவியைத் திருப்பிக் கொடுத்தே காலம் போயிற்று. ஊருக்கு வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டாத ஒரு சாவி வேண்டும் என்று ஆசைப்பட்டார். சின்ன வயதில் வாயைப் பிளந்து பார்த்த கான்டெஸா கார்தான் வேண்டும் என்றார். விழுப்புரத்தில் பழைய கார் விற்கும் மாசிலாமணியின் கன்சல்டிங்கில் இரண்டு நின்றன. ஒன்று எண்பத்தாறாம் வருஷத்து மாடல். சின்ன என்ஜின், நாலு கியர். இன்னொன்று தொண்ணூற்றிரண்டு, பெரிய என்ஜின், ஐந்து கியர். சிக்கந்தரின் கண் இரண்டாவதைவிட்டு நகரவில்லை. அமலாவைக் கையோடு அங்கே கூட்டிப்போனார்.

"மாடலு மட்டும் நெஜமான்னு பாத்துச் சொல்லுக்கா. நீ சொன்னா எடுத்துக்கிறேன்" என்றார்.

டிரைவர் சீட்டில் கைவைத்ததுமே அமலாவுக்குத் தன் தையல் தெரிந்துவிட்டது. முதுகுப் பக்கம் லேசாக ஒரு மேடு கைக்குத் தட்டுப்பட்டது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு தையலைப் பிரித்தாள். பழுப்பேறிய தாள் வந்தது. 1989 ஆகஸ்ட் 21, திங்கள். ஓரத்தில் 'அ'.

"இது தொண்ணூத்திரண்டு இல்ல. எம்பத்தொம்போதுல நான் தெச்ச சீட்டு இது. பொறக்காத வண்டிக்கு எப்பிடித் தெச்சிருப்பேன்?"

கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஏழெட்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாசிலாமணி முப்பது வருஷமாக அந்த இடத்தில் கடை வைத்திருப்பவர். முகம் வெளுத்துவிட்டது. "இரும்மா, சேசிஸ் நம்பரப் பென்சில் போட்டு எடுத்துக் காட்றேன், புக்கோட சேத்துப் பாரு" என்றார்.

"அக்கா சொல்லிட்டாங்க, போதுங்க" என்றார் சிக்கந்தர். மனசே இல்லாமல் எண்பத்தாறாம் வருஷத்து வண்டிக்கு முன்பணம் கொடுத்தார். வேறொரு வண்டியை விலை பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போனார்கள்.

மறுநாள் காலையில் டிராவல்ஸ் டிரைவர் ஒருவர் அமலாவிடம் வந்தார். "முதுகு வலி உயிர் போவுதுக்கா. சாயறதுக்கு ஒரு மேடு வெச்சிக் குடு" என்றார். நாரை மடித்து, அடுக்கி, உள்ளங்கையால் அழுத்தினாள். அழுத்திய கை அப்படியே நின்றது.

இதே மேடு. நேற்று தொட்ட மேடு. இதை யாருக்கு வைத்தோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காணையில் ரைஸ் மில் வைத்திருந்த முருகையன். அவருக்கும் முதுகு வலி. முதலில் வேறொருவரிடம் வாங்கிய பழைய கான்டெஸா ஒன்று வைத்திருந்தார். அதற்குத் தைத்ததுதான் அந்த சீட். அப்புறம் அதை விற்றுவிட்டுப் புத்தம்புது கான்டெஸா எடுத்தார். "இந்த சீட்ட வுட்டுட்டு நான் எதுலம்மா உக்கார்றது?" என்று கேட்டு, பழைய சீட்டைப் புது வண்டியில் மாற்றச் சொன்னார். மாற்றிக் கொடுத்ததே அமலாதான். தையலைப் பிரிக்கவில்லை, அதனால் புதுத் தாளும் வைக்கவில்லை.

மாசிலாமணிக்குப் போன் போட்டாள். "அண்ணே, அந்த வண்டி மொதல்ல யார் பேர்ல இருக்குது?"

அவர் ஆர்.சி. புக்கைப் புரட்டி வெறுப்போடு படித்தார். "முருகையன், காணை."

அமலா போனை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கூடவே தைக்கும் மகள் அருணா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அவர் கிட்ட மட்டும் போன்ல சொல்லிடும்மா. ஊருக்கெல்லாம் எதுக்கு? இத்தினி வருசத்துப் பேரு" என்றாள்.

மகள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு தாள் பொய் சொன்னது என்று தெரிந்தால் மற்ற தாள்களை யார் நம்புவார்கள்? ஆனால் மாசிலாமணியின் வெளுத்த முகம் அமலாவின் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"நாலு பேர் எதிர்ல சொன்னேன். நாலு பேர் எதிர்லதான் இல்லன்னும் சொல்லணும்" என்று புடவையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். சிக்கந்தரையும் அங்கே வரச் சொன்னாள். டீ நேரத்துக்குச் சரியாக விழுப்புரத்தில் இறங்கினாள். அதே ஆட்கள் அதே பெஞ்சில் இருந்தார்கள்.

"நேத்து நான் சொன்னது தப்பு. சீட்டுதான் பழசு, வண்டி இல்ல. சீட்ட மாத்துனதே நான்தான், மறந்துட்டேன். அண்ணன் பேர்ல ஒரு குத்தமும் இல்ல."

பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார். "அப்போ இத்தினி வருசமா நீ தேதி சொன்ன வண்டிங்கல்லாம்?"

"கொண்டாங்க. திரும்பப் பாக்கறேன். தப்பா இருந்தா அதையும் சொல்றேன்."

மாசிலாமணி, "நேத்து வூட்ல சோறு எறங்கலம்மா" என்றார். உள்ளே பார்த்து அவளுக்கு ஒரு டீ சொன்னார். சர்க்கரை இல்லாமல்.

சிக்கந்தர் தலையைச் சொறிந்தார். "இப்ப நான் இன்னாத்த எடுக்கிறதுக்கா?"

"என்னக் கேக்காதீங்க. நம்பரப் பாருங்க."

மாசிலாமணி வண்டியில் பொறித்திருந்த சேசிஸ் நம்பர்மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். ஒவ்வொரு எழுத்தாக மேலே வந்தது. புக்கோடு வைத்துப் பார்த்தார்கள், அப்படியே இருந்தது. தொண்ணூற்றிரண்டுதான். சிக்கந்தர் முன்பணத்தை இதற்கு மாற்றிக்கொண்டு, சாவியை வாங்கிப் பையில் போட்டார், மறுபடி எடுத்துப் பார்த்தார், மறுபடி போட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் வண்டி பார்க்க ஒருவரும் அமலாவைக் கூப்பிடவில்லை. அவள் அதை எதிர்பார்த்துத்தான் பஸ் ஏறினாள். தப்பு செய்யாதவர்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. அவர்களை நான் பார்த்ததும் இல்லை. செய்த தப்பைச் சொல்ல டிக்கெட் எடுத்துக்கொண்டு போன ஒருத்தியைப் பார்த்திருக்கிறேன்.

சிக்கந்தர் ஒருநாள் வண்டியோடு கடைக்கு வந்தார். முழு சீட்டையும் புதிதாகத் தைக்கச் சொன்னார். அந்த மேடு மட்டும் இருக்கட்டும், முதுகுக்கு நன்றாக இருக்கிறது என்றார். அமலா கடைசித் தையலுக்கு முன், 1989 தாளை இருந்த இடத்திலேயே வைத்தாள். அன்றைய தாளைக் கிழித்து, இந்த முறை 'அ' மட்டும் போதாது என்று பின்பக்கம் திருப்பி எழுதினாள்:

'இந்த சீட் வேற வண்டியிலிருந்து வந்தது. இந்த வண்டி 92தான். தேதியைப் பார்த்துத் தப்பாகச் சொன்னேன். அமலா, திண்டிவனம்.'

இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்து, தைத்து மூடினாள்.