லூர்து அக்கா என் விரல்களைப் பிடித்துச் சொன்ன செபமாலை

சென்ற ஆண்டு ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மூன்றாம் நாள். காலையில் வழக்கம்போலப் பூக்கட்ட உட்கார்ந்தேன். நார் விரலில் நிற்கவில்லை. பிச்சிப்பூவை எடுத்து வைத்தால் வைத்த இடத்தில் இல்லாமல் மடியில் விழுந்தது. பதினெட்டு வருடமாகச் சங்கரன்கோவிலில் பூக்கட்டிப் பிழைக்கிறவள் நான். பேசிக்கொண்டே கட்டுவேன், கண்ணை மூடிக்கொண்டும் கட்டுவேன். அன்றைக்கு ஒரு முடிச்சுக்கூடப் போட முடியவில்லை.

அதற்கு இரண்டு நாள் முன்பே பாதத்தில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. திருவிழா வியாபாரத்துக்காக ஒரே இடத்தில் உட்கார்ந்து கட்டியதால் மரத்துவிட்டது என்று நினைத்தேன். அன்று மதியம் எழுந்து நிற்கப் பார்த்தேன். முழங்கால் மடங்கி அப்படியே விழுந்தேன். பிளஸ் டூ படிக்கும் என் மகள் கவிதா பள்ளியிலிருந்து வந்து பார்க்கிறவரை தரையிலேயே கிடந்தேன்.

என் பெயர் செல்வி. திருமுழுக்குப் பெயர் மரிய செல்வி. அந்தப் பெயர் எனக்கு வந்து அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை.

நான் எப்படிச் சபைக்குள் வந்தேன் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கணவர் இறந்து எட்டு வருடம். சனிக்கிழமைதோறும் எங்கள் ஊர் மாதா கோயில் சுரூபத்துக்கு மாலை கொண்டுபோய்க் கொடுப்பேன். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை வரும்வரை உள்ளே காத்திருப்பேன். ஒருநாள் பூசை தொடங்கிவிட்டது. எழுந்து போகவும் கூச்சம், இருக்கவும் கூச்சம். அப்போது ஒரு அம்மா திரும்பிப் பார்த்து, கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அங்கன ஏன் வேர்த்துக்கிட்டு இருக்க? இங்கன வா, பேன் காத்து இங்கதான் வரும்" என்றார். அவர்தான் லூர்து அக்கா. விசைத்தறிக் கூடத்தில் வேலை. முப்பது வருடம் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, அவருக்கு மெதுவாகப் பேச வராது.

அன்று பக்கத்தில் உட்கார்ந்தவள், பிறகு ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்தேன். என்னை யாரும் மதம் மாறச் சொல்லவில்லை. நானாகத்தான் பங்குத்தந்தையிடம் போய்க் கேட்டேன். இரண்டு வருடம் மறைக்கல்வி படித்து, உயிர்ப்பு ஞாயிறன்று திருமுழுக்குப் பெற்றேன். திருமுழுக்கில் எனக்குப் பொறுப்பேற்று நின்ற ஞானத்தாய் லூர்து அக்காதான்.

திருவேங்கடம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அண்ணன் முருகேசனுக்கு இது தாங்கவில்லை. "இனிமே என் வாசப்படி மிதிக்காத" என்று போனில் சொன்னார். அதோடு பேச்சு நின்றது. கணவர் போன பிறகு எனக்கென்று இருந்த ஒரே உடன்பிறப்பு அவர்தான்.

இப்போது நான் விழுந்து கிடந்த கதைக்கு வருகிறேன்.

கவிதா முதலில் போன் செய்தது லூர்து அக்காவுக்கு. அக்கா தறியை நிறுத்திவிட்டு, முடியில் பஞ்சுத் தூசியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். இங்கே பார்த்த டாக்டர் உடனே திருநெல்வேலிக்கு அனுப்பினார். ஆம்புலன்ஸில் அக்கா என் தலைமாட்டில் உட்கார்ந்து வந்தார்.

நரம்புகளைத் தாக்கும் நோய் என்றார்கள். காலில் தொடங்கி மேலே ஏறுமாம். கைக்கு வந்துவிட்டது. நெஞ்சுக்கு வந்தால் மூச்சு விடும் தசைகள் நின்றுபோகும். நரம்பு வழியாக ஐந்து நாள் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். வேளைக்கு ஒருமுறை இளம் டாக்டர் ஒருவர் வந்து, "அம்மா, ஒரே மூச்சில எவ்வளவு எண்ண முடியுதோ எண்ணுங்க" என்பார். முதல் நாள் இருபத்தாறு வரை எண்ணினேன். இரண்டாம் நாள் பதினேழு. மூன்றாம் நாள் காலையில் பதினொன்று.

மூன்றாம் நாள் பகலில் என் விசுவாசம் உடைந்தது. அதை மறைத்துச் சொன்னால் இது சாட்சியாகாது.

எங்கள் தெருவில் யாரோ, "சாமி மாறுனா சும்மா விடுமா?" என்று பேசியதாகக் காதில் விழுந்திருந்தது. அந்த வார்த்தை கட்டிலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. செபம் சொல்லலாம் என்றால் 'அருள் நிறைந்த மரியே' பாதியில் மறந்துபோனது. பிறந்ததிலிருந்து சொல்லி வந்தவர்களுக்கு அது தூக்கத்திலும் வரும். எனக்கு வரவில்லை. நான் உண்மையான கத்தோலிக்கப் பெண்ணே இல்லை என்று தோன்றியது. அழுதேன். கண்ணைத் துடைக்கக்கூடக் கை எழவில்லை. அக்காதான் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

"அக்கா, நான் வந்தது தப்பா? அதுக்குத்தான் இப்படியா?" என்று கேட்டேன்.

அக்கா என் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டார். பிறகு சொன்னார்: "ஏட்டி, எனக்கு வேதமெல்லாம் அவ்வளவு தெரியாது. என் மூத்தவன் ஒம்பது வயசுல காய்ச்சல்ல போனான். நான் பொறந்ததுல இருந்தே வேதக்காரிதான. நான் என்ன சாமி மாறிட்டேன்? ஏன்னு கேட்டேன். இன்னைக்கு வரைக்கும் பதில் வரல. ஆனா நான் கெடந்த நாளெல்லாம் அவரு என்னைத் தனியா விடல. யாராவது வந்துக்கிட்டே இருந்தாங்க. அது மட்டும் எனக்குத் தெரியும்."

"எனக்குச் செபமே மறந்துபோச்சுக்கா."

"உனக்கு மறந்தா என்ன? நான் சொல்லுதேன். நீ ஆமென் மட்டும் சொல்லு."

மெதுவாகத்தான் சொல்வதாக நினைத்துத் தொடங்கினார். வார்டு முழுக்கக் கேட்டது. நர்ஸ் வந்து, "அம்மா, கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க" என்றார். அடுத்த கட்டிலில் கிடந்த அம்மா, "சொல்லட்டும் சிஸ்டர், கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் எந்த மதமோ தெரியாது.

அன்று சாயங்காலம் ஒரே மூச்சில் எட்டுதான் எண்ண முடிந்தது. டாக்டரின் முகம் மாறியது. "இன்னும் குறைஞ்சா தொண்டையில குழாய் போட்டு மெஷின்ல வைக்கணும்" என்று அக்காவிடம் சொன்னார். நான் கண்ணை மூடினேன். புத்தகத்துச் செபம் எதுவும் வரவில்லை. "இயேசுவே, என் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். என் பிள்ளைக்கு வேறு யாரும் இல்லை. என் அண்ணனை ஒருமுறை பார்க்க வேண்டும்" என்று மட்டும் வாய்விட்டுச் சொன்னேன். என் வாழ்நாளில் நானாகச் சொன்ன முதல் செபம் அதுதான்.

மறுநாள் காலை டாக்டர் எண்ணச் சொன்னார். பயந்துகொண்டே தொடங்கினேன். எட்டில் நின்றது. குறையவில்லை. மதியம் மறுபடி எட்டு. சாயங்காலம் பத்து. டாக்டர் சிரித்தார். "மருந்து கேக்குது" என்றார். ஆமாம், மருந்துதான். அந்த டாக்டர்களையும் நர்ஸுகளையும் நான் என்றும் மறக்க மாட்டேன். அந்த மருந்து என்னிடம் கேட்டதற்கு நான் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

அதற்கு அடுத்த நாள் அக்கா வரவில்லை. எங்கள் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியத்திலிருந்து வேறொரு பெண் வந்து இருந்தார். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த இருபத்திரண்டு நாளும் இப்படித்தான் நடந்தது. வேலைக்குப் போகிற பெண்கள், பிள்ளைக்காரிகள், முறை வைத்துச் சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். கவிதா, லூர்து அக்கா வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போனாள். அவள் திருமுழுக்குப் பெறவில்லை. விரும்பினால் வளர்ந்த பிறகு அவளே முடிவு செய்யட்டும் என்று விட்டிருந்தேன். அந்த வீட்டில் ஒருநாள்கூட அவளை யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அக்கா வராத அந்த நாளில் எங்கே போனார் என்பது மதியமே தெரிந்தது. வார்டு வாசலில் அக்காவும், அவருக்குப் பின்னால் வெள்ளை வேட்டியில் என் அண்ணனும் நின்றார்கள்.

நடந்ததை அண்ணன் பிறகுதான் சொன்னார். மக்காச்சோளத்துக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தாராம். முன்பின் தெரியாத ஒரு அம்மா கரிசலில் செருப்பு புதையப் புதைய நடந்து வந்தாராம். "அண்ணாச்சி, நான் உங்க தங்கச்சிக்கு ஞானத்தாய். உங்களுக்குக் கோவம்னா என்னை ஏசுங்க, நின்னு கேட்டுக்கிடுதேன். ஏசி முடிச்சதும் என்கூட பஸ் ஏறுங்க. அவ கைகால் வராமக் கெடக்கா. வாயத் தொறந்தா உங்களத்தான் கேக்கா" என்றாராம். அண்ணன் முதுகில் இருந்த மருந்து டேங்கை இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டார்.

வரும் வழியில் சங்கரநாராயணர் கோயிலில் இறங்கி, நோய் தீரப் பூசும் புற்றுமண் வாங்கி வந்திருந்தார். அவர் கும்பிட்டு நிற்கும்வரை லூர்து அக்கா வெளியே செருப்பைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாராம். கட்டிலருகே வந்த அண்ணன் பொட்டலத்தைப் பிரித்தார்.

"பூசி விடட்டுமா தாயீ?"

"வேண்டாம்ணே. கோவிச்சுக்கிடாத. நீ வந்துட்டேல்ல, என் கையப் பிடிச்சுக்கோ. அது போதும்" என்றேன்.

அண்ணன் முகம் வாடியது. மறுபடியும் போய்விடுவாரோ என்று பயந்தேன். அப்போது அக்கா பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கி, மடித்து, என் தலைமாட்டு அலமாரியில் செபமாலைக்குப் பக்கத்தில் வைத்தார். "உங்க மனசு இதுல இருக்கு அண்ணாச்சி. அது இங்கனயே இருக்கட்டும்" என்றார். அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வராத என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். என் கை வருவதற்கு முன்னால், நான் செபத்தில் கேட்ட அண்ணன் வந்து சேர்ந்தார்.

வீடு திரும்பியபோது என்னால் ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியவில்லை. பிசியோதெரபி சொல்லிக்கொடுத்தவர், ஒவ்வொரு விரலையும் பத்துப் பத்து முறை மடக்கி நீட்ட வேண்டும், காலையும் மாலையும் விடக் கூடாது என்றார். மூன்றே நாளில் எனக்கு வெறுத்துவிட்டது. விரல் என்னுடையது போலவே இல்லை. அக்காதான் வழி கண்டுபிடித்தார்.

"விரலுக்குப் பத்து. செபமாலையில ஒரு தேவ ரகசியத்துக்கும் பத்து மணிதான. கைக்கு அஞ்சு விரல், அஞ்சு தேவ ரகசியம். ஒரு கைக்கு ஒரு செபமாலை. வா, ஆரம்பிப்போம்" என்றார்.

தறி வேலை முடிந்து தினமும் வந்தார். என் கட்டைவிரலைப் பிடித்து மடக்கி நீட்டி ஒரு அருள் நிறைந்த மரியே. மறுபடி மடக்கி இன்னொன்று. அவர் விரல்கள் நூல் இழுத்துக் காய்த்துப்போனவை. அவ்வளவு மெதுவாக என்னைத் தொட அவற்றால் எப்படி முடிந்ததோ. மறந்துபோன செபம் எனக்கு முழுசாக வந்தது அந்த நாட்களில்தான்.

ஐப்பசியில் ஒரு மாலை, வலது கை, நான்காம் பத்து. மோதிர விரல். அக்கா மடக்கினார். நீட்டுவதற்கு முன் அது தானாக நீண்டது. இருவரும் செபத்தை நிறுத்திவிட்டோம்.

"ஏட்டி, நீயா செஞ்ச?"

"நான்தான்கா."

"இன்னொருக்கா செய்யி."

செய்தேன். லூர்து அக்கா என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். என் எதிரில் அவர் அழுதது அந்த ஒரு முறைதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, இன்னும் ஆறு மணி பாக்கி இருக்கு" என்று தொடர்ந்தார்.

கிறிஸ்து பிறப்புக்குக் கவிதாவின் தோளைப் பிடித்து நடந்து பூசைக்குப் போனேன். தை மாதம் மறுபடி பூக்கட்டத் தொடங்கினேன். பழைய வேகம் இல்லை. இடது கைச் சுண்டுவிரல் இன்னும் முழுசாக மடங்காது. அண்ணன் மாதம் ஒருமுறை வருகிறார். சாமி விஷயத்தில் அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால் அக்கா வீட்டில் காப்பி குடிக்காமல் ஊர் திரும்ப மாட்டார்.

நான் முன்பு என் வேலை உண்டு, என் வீடு உண்டு என்று இருந்தவள். இப்போது ஞாயிறு மதியங்களில் எங்கள் அன்பியப் பெண்களோடு, படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கப் போகிறேன். பெரிய வார்த்தைகள் எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்காருவேன். வாயில் தண்ணீர் ஊற்றுவேன். கேட்டால் செபம் சொல்லுவேன்.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போலப் புதிதாக வந்தவர்கள் இருக்கலாம். துன்பம் வரும்போது, இது தண்டனையோ என்று உங்கள் மனமே உங்களை மிரட்டும். நம்பாதீர்கள். செபம் வரவில்லையா? உங்கள் பேச்சில், உங்களுக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் சொல்லுங்கள். அதுவும் முடியவில்லையா? வெட்கப்படாமல் ஒருவரைக் கூப்பிட்டு, எனக்காகச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். ஆமென் சொல்ல மட்டும் மூச்சு இருந்தால் போதும். எனக்கு அவ்வளவுதான் இருந்தது. ஆண்டவர் அதையும் கேட்டார்.