சொந்தக் கோலுக்குள் அடித்த மனிதர்

மொன்றியலில் கதவுகளிலும் மதில்களிலும் 'டெஃபான்ஸ்' என்ற சொல்லைக் காணலாம். வாகனம் நிறுத்தாதே, உள்ளே வராதே என்று மறிக்கிற சொல். வந்த புதிதில் நான் படித்த முதல் பிரெஞ்சுச் சொல்லும் அதுதான். ஆகவே, லாசால் மைதானத்தில் ஜெர்மன்காரப் பயிற்சியாளர் டீட்டர் என் மகள் அனித்தாவைக் காட்டி "டெஃபான்ஸ்" என்றபோது, அவளை விளையாட விடமாட்டார் என்றே விளங்கிக்கொண்டேன்.

"ஏன், பிள்ளை என்ன பிழை விட்டவள்?" என்று தெரிந்த ஆங்கிலத்தில் சண்டைக்குப் போனேன்.

அனித்தா சிரித்தாள். "அப்பா, என்னைப் பின்னுக்கு நிண்டு மறிக்கச் சொல்றார்."

அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. மன்னாரில் எங்கள் பங்குக் கோவில் உதைபந்தாட்ட அணியில் நான் முன்னுக்கு ஆடியவன். கோல் அடித்தவனைத்தான் தோளில் தூக்குவார்கள். பின்னுக்கு நின்றவனின் பெயரை ஒலிபெருக்கியில் யாரும் சொன்னதில்லை.

போன கோடையில் இறுதி ஆட்டம். முடியச் சில நிமிடங்கள் இருக்க, அனித்தா மறித்த பந்து அவள் காலில் பட்டு எங்கள் கோலுக்குள்ளேயே போனது. தோற்றோம். காரில் அழுதவளிடம், "முன்னுக்கு விட்டிருந்தா இது நடந்திருக்குமோ?" என்று கேட்டேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் கேட்டேன். "இனி நான் போகமாட்டன்" என்றாள்.

இரண்டாம் நாள் டீட்டர் எங்கள் வீட்டுக்கு வந்து பிரெஞ்சில் தன் கதையைச் சொன்னார்; அனித்தா எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஜெர்மனியில் ஒரு சின்ன நகரத்து அணிக்குப் பதினொரு வருடம் பின்வரிசையில் ஆடியவர் அவர். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அவர் தலையால் முட்டிய பந்து சொந்தக் கோலுக்குள் போக, அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. பேக்கரியில் பாண் விற்கிறவர்கூட முகம் பார்க்கவில்லையாம். ஒரு வருடம் பந்தைத் தொடாமல் இருந்தவரை, வேறு யாரும் வராததால், அந்த ஊர்ப் பெண்கள் அணி பயிற்சி கொடுக்க அழைத்தது. அப்படித்தான் பயிற்சியாளர் ஆனார். பிறகு கெபெக் பெண்ணொருத்தியை மணந்து இங்கே வந்தார்.

அனித்தா பிரெஞ்சில் கேட்டாள்: "அந்தப் பந்தை இப்பவும் நினைப்பீங்களோ?"

"ஒவ்வொரு நாளும். ஆனால் இப்போது முழுநாளும் இல்லை."

அடித்த கோல்களை மட்டுமே ஊராருக்குச் சொல்லித் திரிந்த நான் தலைகுனிந்தேன்.

சனிக்கிழமை ஒரு நட்பு ஆட்டத்துக்கு அவள் போனாள். எதிரணி வேகமாக இறங்கியபோது டீட்டர் பிரெஞ்சை மறந்து ஜெர்மனில் "ராவுஸ்!" என்று கத்தினார். நானும் "அடிச்சு வெளியில விடு, பிள்ளை!" என்று கத்தினேன். அவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. கோல் காப்பவளிடம் இந்த ஊர்ப் பிள்ளைகளின் வேகப் பிரெஞ்சில் ஏதோ கூவிவிட்டுப் பந்தை வெளியே உதைத்தாள்.

"என்ன சொன்னாள்?" என்று டீட்டர் என்னிடம் கேட்டார். அதையே அவரிடம் கேட்கத்தான் நானும் வாயெடுத்தேன்.