நடு ஆற்றில் தோள் மாற்றம்

தை மாதத்துப் பாலாற்று மணல் விடிகாலையில் ஈரத்துணி மாதிரி இருக்கும். வெறுங்காலை வைத்தால் ஜில்லென்று உச்சிவரை ஏறும். வெயில் வந்ததும் அதே மணல் சுட ஆரம்பித்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற கொஞ்ச நேரத்தில்தான், காணும் பொங்கலன்று, எங்கள் தெரு அம்மன் ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போவாள்.

காஞ்சிபுரத்தை ஒட்டி, ஓரிக்கைப் பக்கம், தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும் தெரு எங்களுடையது. அக்கரையோ நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர்களின் ஊர். அங்கே இருக்கிற பெருமாள் எங்கள் அம்மனுக்கு அண்ணன். தங்கை வருஷத்துக்கு ஒரு முறை "பொறந்த வீட்டுக்கு" போய் ஓர் இரவு தங்கி வருகிறாள், அவ்வளவுதான் திருவிழா. ஆனால் அதற்கு ஒரு சட்டம் உண்டு. பாதி ஆறு வரைக்கும் பல்லக்கு எங்கள் ஆட்களின் தோளில். நடு ஆற்றில் இரண்டு கரும்பு நட்டிருக்கும். அங்கே அக்கரைக்காரர்கள் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். பல்லக்கைத் தரையில் வைக்காமலே தோள் மாறும். மறுநாள் திரும்பும்போது அதே இடத்தில் அவர்கள் எங்களிடம் தருவார்கள். இதற்கு "தோள் மாத்துறது" என்று பெயர்.

கூடப் போகிற எங்கள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அக்கரையில் ஒரு "சோத்து வீடு" உண்டு. அன்றைய சாப்பாடு அந்த வீட்டில்தான். எங்களுக்கு வாய்த்தது கௌரி வீடு. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. தறியில் மிஞ்சிய பட்டு நூலை வளையலில் சுற்றி அவளுக்கு நான் கொண்டுபோவேன். அவள் பாவாடை மடி நிறைய இலந்தைப்பழம் வைத்திருப்பாள். வருஷத்தில் ஒரே நாள் பார்க்கிறவர்கள் என்பதால், மீதி நாள் கதைகளையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டித் தீர்ப்போம். நான்தான் அவள் ஊருக்குப் போவேன்; அவள் எங்கள் தெருவுக்கு வந்ததே இல்லை. அப்படி ஒரு வழக்கமே கிடையாது.

நான் ஐந்தாவது படித்த வருஷம் மழை நன்றாகப் பெய்திருந்தது. காய்ந்த இடமாகப் பார்த்துத்தான் கரும்பு நட்டார்கள். ராத்திரியில் ஊற்று பிடித்து அந்த இடம் சேறாகிவிட்டது. பல்லக்கின் முன்தண்டைப் பிடித்திருந்த என் அப்பா, கரும்பை எட்டியதும் கால் புதைவதை உணர்ந்து, "நிக்காதீங்கபா, போய்க்கினே இருங்க" என்றார். பம்பைச் சத்தத்தில் அது கூடத் தூக்கி வந்தவர்களுக்கு மட்டும் கேட்டது. துண்டு போட்ட தோளோடு காத்திருந்த அத்தனை பேரையும் தாண்டிப் போன பல்லக்கு, அக்கரை மேட்டில் ஏறித்தான் நின்றது.

அந்தப் பக்கத்தில் முதலில் தோள் கொடுப்பவர் கௌரியின் அப்பா மூர்த்தி மாமா. "எங்க தங்கச்சிய நாங்க தூக்க மாட்டோமா? எங்க தோளுக்கு என்னாபா கொறைச்சல்?" என்று கேட்டார். அப்பா சேற்றைப் பற்றிச் சொன்னார். "நாங்க மட்டும் மெத்தையிலயா நின்னுக்கினு இருந்தோம்?" என்றார் மாமா. அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டு பல்லக்கை வாங்கிப் போய்விட்டார்.

அன்றைக்கு எந்த வீட்டிலும் எங்களைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. வாசலுக்கு வந்த கௌரியை உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள். வளையலைக் கையில் வைத்தபடியே நான் திரும்பி நடந்தேன். அடுத்த வருஷத்திலிருந்து அம்மனை நம் தெருவிலேயே சுற்றி வரச் செய்யலாம் என்று வழியெல்லாம் ஆண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். அப்படியானால் கௌரியை இனிப் பார்க்கவே முடியாது.

மறுநாள் கரும்பைக் கெட்டியான இடத்தில் மாற்றி நட்டு எங்கள் ஆட்கள் காத்திருந்தார்கள். முன்தண்டில் மூர்த்தி மாமா. கரும்பருகே வந்தார், நிற்கவில்லை. யாரையும் பார்க்காமல் தாண்டினார். பழிக்குப் பழி என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கரையில் இறக்கிவிட்டுப் போவார்கள் என்று பார்த்தால், கரையிலும் நிற்காமல், ரோட்டைக் கடந்து, எங்கள் தெருவுக்குள் நுழைந்து, கோயில் வாசலில்தான் இறக்கினார்கள். பின்னாலேயே அவர்கள் ஊர்ஜனம் மொத்தமும் வந்திருந்தது.

மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னார்: "நீ எங்க கரை வரைக்கும் தூக்கினு வந்தே. நான் உன் தெரு வரைக்கும் கொண்டாந்துட்டேன். இப்ப யாரு தோள் பெருசு, சொல்லுபா."

"உன்னுதுதாம்பா பெருசு. வா, சாப்ட்டுப் பேசலாம்."

வீட்டில் சமையலே இல்லை என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். தெரு முழுக்க அதே கதை. அரை மணி நேரத்தில் அரிசியும் பருப்பும் வீட்டுக்கு வீடு ஓடின. "பாலாறு ஓடலைன்னு யாரு சொன்னது, இங்க எலையில ஓடுதே" என்று எங்கள் ரசத்தைப் பார்த்துக் கௌரியின் அம்மா சிரித்தார். கௌரி சாப்பிட்ட கையைக் கழுவியதும் தறிக்குழியில் இறங்கி மிதியை மிதித்துப் பார்த்தாள். வளையலை அங்கேயே அவள் கையில் போட்டேன்.

அடுத்த வருஷம் தோள் பழையபடி நடு ஆற்றிலேயே மாறியது. ஆனால் திரும்பும் நாள் சாப்பாடு எங்கள் தெருவில் என்பது நிலைத்துவிட்டது.

இப்போது ஆற்றில் மணலைவிடப் பள்ளம்தான் அதிகம். பல்லக்குத் தூக்கியவர்களின் பிள்ளைகள் எல்லாரும் கம்பெனி வேலைக்குப் போகிறோம். அம்மன் டிராக்டரில் பாலம் வழியாகப் போய் வருகிறாள். நடு ஆறு, கரும்பு, தோள் மாற்றம் எதுவும் இல்லை. சாப்பாடு மட்டும் இரண்டு பக்கமும் நடக்கிறது. போன வருஷம் திரும்பும் நாளன்று கௌரிக்கு ஒரகடம் கம்பெனியில் காலை ஷிப்ட், லீவு கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு மூர்த்தி மாமா பசிக்கிறது என்று முணுமுணுத்துப் பார்த்தார். அம்மா அசையவில்லை. மூன்றரை மணிக்கு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே கௌரி உள்ளே வந்த பிறகுதான் சோற்றுப் பானை திறந்தது.