நாலாவது பொட்டி, நாலாவது ஆளு

அந்த போட்டோவ எடுத்தது நான்தான். இத மொதல்லயே சொல்லிடறேன். பாக்கறவங்க எல்லாரும் "சூப்பரா வந்திருக்கே, யாரு எடுத்தது"ன்னு கேக்கறாங்க. "இதுல நீ எங்க"ன்னு கேட்டது ரெண்டே பேரு. ஒருத்தரு எங்க வூட்டுக்காரரு, இன்னொருத்தங்க என் மாமியாரு.

எனக்கு திண்டிவனத்துல வூடு, விழுப்புரத்துல வேலை. ஒரு கண் ஆஸ்பத்திரியில கண்ணாடி பவர் பாக்கறேன். "கடைசி வரி படிங்க, இப்ப தெளிவா தெரியுதா, இப்ப?"ன்னு சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்கினே இருக்கணும். காலையில பாசஞ்சர் வண்டி. எப்பவும் லேடீஸ் பொட்டியிலதான் ஏறுவேன். ஒரு நாள் லேட்டாயிடுச்சு, ஓடிப்போய் கைக்கு வந்த பொட்டியில ஏறினேன். அது நாலாவது பொட்டி. அங்க மூணு பேரு எதிரும் புதிருமா உக்காந்துக்கினு கேள்வி பதில் வெளையாடிக்கினு இருந்தாங்க. உலகத்துலயே பெரிய தீவு எதுன்னு ஒருத்தரு கேக்க, இன்னொருத்தரு ஆஸ்திரேலியான்னு அடிச்சி சொன்னாரு. எனக்கு வாய் சும்மா இருக்காது. "அது கண்டம்ங்க, தீவுன்னா கிரீன்லாந்து"ன்னு நின்னுக்கினே சொல்லிட்டேன். மூணு பேரும் திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் நகந்து எடம் வுட்டாங்க.

அதுலருந்து ரெண்டு வருஷமா அதுதான் என் சீட்டு. பெரியவரு தாலுக்கா ஆபீஸ்ல இருக்காரு, நான் அண்ணேன்னு கூப்புடுவேன். இன்னொருத்தரு பேங்க் சார். மூணாவது ஆளு மருந்துக் கம்பெனி ரெப்பு, என்ன அக்கான்னு கூப்புடற தம்பி. அந்த வெளையாட்டுக்கு ஒரே ரூல்தான். ஒரு ஸ்டேஷன் தாண்டினதும் ஒருத்தரு கேப்பாரு, வண்டி அடுத்த ஸ்டேஷன்ல நிக்கறதுக்குள்ள பதில் வரணும். நின்னுட்டா செல்லாது. யாரு கெஞ்சினாலும் செல்லாது.

கல்யாணத்துக்கு முன்னாடி குரூப் பரிச்சைக்கு மாங்கு மாங்குன்னு படிச்சவ நான். ரெண்டு தடவை எழுதினேன், அப்புறம் கல்யாணம், புள்ளை. படிச்சதெல்லாம் மண்டையிலயே கெடந்துச்சு, யாரும் எடுக்கல. இவங்க கேட்டாங்க. அது எவ்ளோ சந்தோசம்னு சொன்னா சிரிப்பீங்க. ராத்திரி பாத்திரம் கழுவும்போதே நாளைக்கு என்ன கேக்கலாம்னு யோசிப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் விழுப்புரம் பைபாஸ்ல புதுசா வந்த ஒரு ஹோட்டல், பாண்டியில நடத்தறாங்களேன்னு இங்கயும் ஒரு க்விஸ் நைட் அறிவிச்சுது. சனிக்கிழமை சாயங்காலம், ஏசி பார்ல. டீமுக்கு நாலு பேரு. தம்பிதான் செய்தி கொண்டாந்தான். "நாலு பேர்னா நம்ம நாலு பேருதான்"னு அண்ணன் சட்டுனு சொன்னாரு. டீமுக்குப் பேரும் அவரே வெச்சாரு, நாலாவது பொட்டின்னு.

வூட்டுல சொன்னேன். ஒளிச்சி மறைச்சி போற பழக்கம் எனக்குக் கெடையாது.

"பார்லயா? ஊரே சிரிக்கும்"ன்னாரு எங்க வூட்டுக்காரரு.

"நீங்க போறப்ப மட்டும் ஊரு அழுவுதா?"ன்னேன்.

ரெண்டு நாளு பேச்சே இல்ல. மாமியாரு மட்டும் அடுப்பங்கரையில இருந்துக்கினு செவுத்துக்கிட்ட பேசினாங்க. "படிச்ச மருமவள்னு கட்டினோம், சாராயக் கடைக்குப் போறாளாம், காலம்டா சாமி." மூணாவது நாளு அவரு டிராக்டர் ஒர்க் ஷாப்லருந்து வந்து, கை கழுவிக்கினே சொன்னாரு. "போய்ட்டு வா. ஆனா ஜெயிச்சிட்டு வரணும். கப்போட ஒரு போட்டோ எடுத்துக்கினு வா. குடிக்கப் போவல, ஜெயிக்கத்தான் போனேன்னு அம்மாவுக்குக் காட்டணும்." எனக்கு அழுகையே வந்துடுச்சு. அந்த மனுசன் அவங்கம்மாவ எதுத்து ஒரு வார்த்த பேசி நான் பாத்ததில்ல.

அந்த பார்ல பொம்பளைங்க மொத்தமே மூணு பேரு. அதுல ஒருத்தி நான், ரெண்டு பேரு காலேஜ் புள்ளைங்க. எனக்கு ஆரஞ்சு ஜூஸ். அவங்க மூணு பேருக்கும் பீரு. மொத கேள்வியிலயே மானத்த வாங்கிட்டோம். ரயிலு சத்தத்துல கத்திக் கத்திப் பழக்கமாச்சே, கேள்வி முடியறதுக்குள்ள நாலு பேரும் ஒண்ணா பதில கத்திட்டோம். பார் முழுக்க சிரிச்சிது. எல்லா டேபிள்லயும் நாங்க சொன்னத எழுதிக் குடுத்தாங்க. பதில பேப்பர்ல எழுதித் தரணும்ங்கறதே எங்களுக்கு மறந்துபோச்சு. அதுக்கப்புறம் தலையோட தலை முட்டிக்கினு குசுகுசுன்னு பேசினோம். நானும் அவங்க மூணு பேரு தலையோட என் தலைய முட்டிக்கினு உக்காந்திருந்தேன். அந்த நேரத்துல யாருக்கும் நான் பொம்பளைங்கற நெனப்பே இல்ல, எனக்கும் இல்ல.

கடைசியில நாங்களும் பாண்டியிலருந்து வந்த ஒரு டீமும் சமமா நின்னோம். ஒரே ஒரு கேள்வி, யாரு சரியா எழுதறாங்களோ அவங்களுக்குக் கப்பு. மைக் புடிச்ச பையன் கேட்டான். மனுச உடம்புல ரத்தக் குழாயே இல்லாத, நேரா காத்துலருந்து ஆக்ஸிஜன் எடுத்துக்கற உயிருள்ள பாகம் எது? அண்ணன் நகம்னு எழுதப் போனாரு. நான் பேனாவ புடிச்சி நிறுத்தினேன். "அண்ணே, கருவிழி, கார்னியா. டெய்லி அதோடதாண்ணே கெடக்கறேன்." "தப்பாச்சுன்னா?"ன்னாரு பேங்க் சார். "தப்பாச்சுன்னா திங்கக்கிழமையிலருந்து லேடீஸ் பொட்டியில போறேன்"ன்னேன்.

கருவிழிதான். தம்பி சேர் மேல ஏறிட்டான். அண்ணன் என் தலையில கை வெச்சி, "நீ இல்லன்னா நாங்க இல்லம்மா"ன்னாரு. நான் கப்ப ரெண்டு கையாலயும் வாங்கினேன். இலேசான கப்புதான், தகரம். நேரா போட்டோ எடுக்கற எடத்துக்குப் போய் நின்னேன்.

அண்ணன் கிட்ட வந்தாரு. கப்ப மெதுவா என் கையிலருந்து வாங்கினாரு. "தப்பா எடுத்துக்காதம்மா. போட்டோவ க்ரூப்ல போடுவோம், ஸ்டேட்டஸ்ல வெப்போம். வூட்டுல பாப்பாங்க."

"பாருக்கு வந்தது தெரியாதாண்ணே?"

"பாருன்னு சொல்லிட்டுதான் வந்தேன். கூட லேடீஸ்னு சொல்லல. பேஜாரா பூடும்."

பேங்க் சாரைப் பாத்தேன். அவரு செருப்பப் பாத்துக்கினு இருந்தாரு. தம்பி, அக்கா அக்கான்னு உசுர வுடறவன், போன என் கையில குடுத்துட்டு, "நீங்களே எடுங்கக்கா, நீங்கதான் குடிக்கல, கை ஆடாது"ன்னான். ச்சீ, இவ்ளோதானான்னு இருந்துச்சு. மூஞ்சில அடிச்ச மாதிரி நாலு வார்த்த கேக்கத் தெரியாதவளா நான்? வூட்டுலயே மாமியார வுடாதவ. ஆனா சண்டை போட்டா திங்கக்கிழமை அந்த சீட்டு இருக்காதேன்னு பயம் வந்துடுச்சு. கை தானா போன வாங்கிடுச்சு. "கொஞ்சம் ஒட்டி நில்லுங்க"ன்னு வேற சொன்னேன்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல எங்க வூட்டுக்காரரு வண்டியோட நின்னாரு. "ஜெயிச்சிட்டீங்களா?"ன்னாரு. ஆமான்னேன். மூஞ்செல்லாம் பல்லு. "போட்டோவ காட்டு, காட்டு." தம்பி அனுப்பியிருந்தத காட்டினேன். பெருசு பண்ணிப் பாத்தாரு, ஓரத்துல தேடினாரு.

"நீ எங்க?"

"நான்தாங்க எடுத்தேன்."

போன என் கையில திருப்பிக் குடுத்தாரு. வண்டிய ஒதைச்சி ஸ்டார்ட் பண்ணாரு. "அம்மாகிட்ட காட்ட வாணாம்"ன்னாரு. அவரு எனக்காகக் கோவப்பட்டாரா, ஏமாந்தாரான்னு இன்னிய வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஆனா மாமியாரு வுடுவாங்களா? காலையில டீ டம்ளரோட வந்து உக்காந்தாங்க. "ஜெயிச்சியாமே, காமி." காமிச்சேன். கண்ணாடிய ஏத்திவுட்டுக்கினு பாத்தாங்க. அந்தக் கண்ணாடி பவரும் நான் பாத்துக் குடுத்ததுதான். "மூணு ஆம்பளைங்கதான் நிக்கிறானுங்க, இதுல நீ எங்க? உன்ன எதுக்கு இட்டுக்கினு போனானுங்க, கிளாசு கழுவவா?" சத்தியமா சொல்றேன், எத்தனையோ தடவ அவங்க சொன்னதுக்கு பதிலுக்கு பதில் சொல்லியிருக்கேன். அன்னிக்கி அவங்க டம்ளர எடுத்துக்கினு போய் கழுவினேன்.

திங்கக்கிழமை அதே பொட்டியில ஏறினேன். சீட்டு இருந்துச்சு. அண்ணன் வாழப்பழம் எடுத்துக் குடுத்தாரு. எல்லாரும் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்தாங்க. மயிலத்துல ஏறின ஒரு வாத்தியாரு, எங்க ஆட்டத்த டெய்லி வேடிக்க பாக்கறவரு, அண்ணன் தோள தட்டினாரு. "ஸ்டேட்டஸ் பாத்தேன். மூணு பேருமா சேந்து கலக்கிட்டீங்க!" அண்ணன் சிரிச்சாரு. இல்ல சார், நாலு பேருன்னு சொல்லுவாருன்னு அவரு வாயையே பாத்துக்கினு இருந்தேன். "எல்லாம் உங்க ஆசீர்வாதம்"ன்னாரு.

வண்டி கெளம்புச்சு. "இன்னிக்கி யாரு மொதல்ல?"ன்னு தம்பி கேட்டான்.

"நான் கேக்கறேன்"ன்னேன். "சனிக்கிழமை ஜெயிச்ச டீம்ல மொத்தம் எத்தன பேரு? அடுத்த ஸ்டேஷனுக்குள்ள சொல்லணும்."

தம்பி மொதல்ல சிரிச்சான், அப்புறம் நிறுத்திட்டான். அண்ணன் வாழப்பழத் தோல மடிச்சிக்கினே இருந்தாரு. வாத்தியாரு எங்க நாலு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. பேரணி வர வரைக்கும் நான் யார் மூஞ்சியவும் வுடல. உள்ளுக்குள்ள கெஞ்சினேன். ஒரே ஒரு வார்த்ததானே, சொல்லித் தொலைங்களேன், நான் எல்லாத்தையும் மறந்துடறேன்.

பேரணி வந்துச்சு. வண்டி நின்னுச்சு.

திரும்ப கெளம்பும்போது பேங்க் சார் தொண்டைய செருமிக்கினு, "நாலு"ன்னாரு. யாருக்கும் கேக்காத மாதிரி சின்ன கொரலு.

"வண்டி நின்னுடுச்சு சார். செல்லாது"ன்னேன்.

விழுப்புரம் வரைக்கும் யாரும் அடுத்த கேள்வி கேக்கல. மறுநாள்லருந்து நான் லேடீஸ் பொட்டியில போறேன்.