பூக்கடையில் என் மகள் சொன்னது

இரண்டு வருடங்களுக்கு முந்திய ஆடி மாதம். சீனாவின் குவாங்சோ நகரத்தில், அடி முதல் முடி வரை துணிப் பூவும் பிளாஸ்டிக் பூவும் மட்டுமே விற்கிற ஒரு பெரிய மாடிக் கட்டடத்தில் நடந்தது இது. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் என்னைத் தெரிந்தவர்கள் சீனப் பயணம் எப்படி என்று கேட்டால், நல்ல மலிவு, நல்ல புழுக்கம் என்று சொல்லி முடித்துவிடுவேன். மிச்சத்தை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

அங்கே ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் வடக்கு முனையில் நானும் கணவரும் சின்னதாய் ஒரு கடை வைத்திருக்கிறோம். கல்யாணம், பெண் பிள்ளை பெரியவளாகும் சாமத்தியவீடு, பிறந்தநாள் எதுவானாலும் மணவறையும் சோடனையும் வாடகைக்குக் கொடுப்பதுதான் தொழில். எங்கள் சனத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். போன கிழமை ஒன்றுவிட்ட தங்கச்சியின் கல்யாணத்தில் கண்ட பூ தங்கள் மணவறையில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. அதனால் வருடா வருடம் புதுப் பூ இறக்கியே ஆகவேண்டும். அதுவரை ஒபேர்வில்லியேயில் இருக்கும் சீன மொத்தக் கடைகளில் வாங்கிக்கொண்டிருந்தோம். அந்த வருடம் நேரே போய் வாங்கிப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தோம்.

கணவர்தான் போவதாக இருந்தது. நான் குறுக்கே விழுந்தேன். பூவின் நிறத்தைப் பற்றி ஆம்பிளைக்கு என்ன தெரியும், நான் போகிறேன், மொழிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அடம்பிடித்தேன். நிறம் ஒரு சாட்டுத்தான். மகள் அப்போதுதான் பள்ளிக் கடைசி வருடத்துப் பாக் பரீட்சை முடித்திருந்தாள். செப்டம்பரில் படிப்புக்காக லியோனுக்குப் போக இருந்தாள். அங்கே போனால் பிறகு விருந்தாளி மாதிரித்தான் வருவாள். அதற்கு முன் நாலைந்து நாள் அவளோடு தனியே இருந்து, ஒருமுறையாவது மனம்விட்டுக் கதைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

பெற்ற மகளோடு கதைக்கச் சீனாவுக்கா போகவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பாரிஸுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தால் கேட்கமாட்டீர்கள். நான் தமிழில் கேட்பேன். அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள், அதுவும் ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சொல். என்னுடைய பிரெஞ்சு கடைக்கும் கந்தோர்ப் பத்திரங்களுக்கும் காணும், மனதில் கிடப்பதைச் சொல்லக் காணாது. அவளுடைய தமிழும் அப்படித்தான், சாப்பாடு, உடுப்பு, நித்திரையைத் தாண்டாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைப் பாதியில் விட்டவள், நடுநிலைப் பள்ளியான கொலேஜில் சீன மொழியை எடுத்தாள். அவளுடைய உயிர்ச் சிநேகிதியும் ஒரு சீனப் பிள்ளை. அந்த வீட்டுக்குப் போனால் அந்தப் பிள்ளையின் தாயோடு சீனத்தில் விழுந்து விழுந்து சிரித்துக் கதைப்பாளாம். கணவர் இதை வருகிற போகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். எனக்கு வயிறு எரியும். சிரிப்பையெல்லாம் அங்கே கொட்டிவிட்டு, வீட்டுக்கு வெறும் முகத்தோடு வருகிறாளே என்று இருக்கும்.

பயணத்துக்குப் பருத்தித்துறை வடையும் இடித்த சம்பலும் கட்டிக்கொண்டேன். கதைக்க வேண்டியவற்றையும் மனதுக்குள் கட்டி வைத்திருந்தேன். விமானத்தில் ஏறியதும் அவள் காதில் மாட்டியதை இறங்கும்போதுதான் கழற்றினாள். சரி, களைப்பு என்று விட்டேன். ஹோட்டல் அறையில் முதல் நாள் பின்னேரம் மெல்லத் தொடங்கினேன். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது என்று நான் வாயெடுக்க, அவள் தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் "வீ, அம்மா" என்றாள். ஓமாம், அவ்வளவுதான். வடையைக் கடித்துக்கொண்டு ஜன்னலால் வெளியே பார்த்தேன். எதிரே கட்டடத்துக்கு மேல் கட்டடமாக நின்றது.

அடுத்த நாள் சந்தைக்குப் போனபோது நான் பார்த்தது வேறொரு பிள்ளை. சீனம் கதைக்கும்போது அவளுக்குக் குரல் உயர்கிறது, கை ஆடுகிறது, புருவம் ஏறி இறங்குகிறது. கடைக்காரர்கள் இவளைச் சுற்றிக் கூடி நிற்கிறார்கள். இவள் ஏதோ சொல்ல அவர்கள் தொடையில் தட்டிச் சிரிக்கிறார்கள். நான் பக்கத்தில் கைப்பையைக் கட்டிப்பிடித்தபடி, சிரிக்கிறவர்களைப் பார்த்து நானும் சிரித்து வைத்தேன். எதற்கென்று தெரியாமல் சிரிப்பது எவ்வளவு கூச்சம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

மொழிபெயர்ப்பும் ஒரு கூத்துத்தான். பசை வெளியில் தெரிகிறது, இதழ் தொட்டால் கழன்று வருகிறது, மண்டபத்து வெளிச்சத்தில் இந்தச் சிவப்பு மண்ணிறமாகத் தெரியும் என்று நான் மூச்சுவிடாமல் அடுக்குவேன். அவள் இரண்டு சொல்லில் முடிப்பாள்.

"நான் சொன்னது அவ்வளவு. நீ சொன்னது இவ்வளவுதானோ?" என்று கேட்டால், "சே பொன், அம்மா, சொல்லிட்டன்" என்பாள். போதும் விடு என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் மேல் மாடியில் ஒரு கடை. வெள்ளை மல்லிகைச் சரம், இளஞ்சிவப்பு ரோசா, தொங்கும் கொடிகள். உண்மையான பூவே தோற்றுப்போகும் அழகு. கடைக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். ஓரத்தில் இருந்து சூட்டுப் பசையால் தானே இதழ் ஒட்டிக்கொண்டிருந்தாள். மனதுக்குப் பிடித்துவிட்டது என்பதை முகத்தில் காட்டாமல், வழக்கமான வேலையை ஆரம்பித்தேன். ஒவ்வொரு கொத்தாய் எடுத்து இழுத்தேன், முகர்ந்தேன், நகத்தால் கீறினேன், உதட்டைப் பிதுக்கினேன். அவள் சொன்ன விலையில் பாதி சொன்னேன். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கடையைவிட்டு இறங்கிப் போகிற மாதிரி நாலடி வைத்தேன். லா சப்பலில் இது எடுபடும், கூப்பிடுவார்கள்.

அவள் கூப்பிடவில்லை. பசையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, வெடுக்கென்று ஏதோ சொன்னாள். மொழி தெரியாவிட்டாலும் தொனி தெரியாதா. நல்ல வார்த்தை இல்லை.

மகளின் முகம் சிவந்துவிட்டது. என் கையை உதறிவிட்டுக் கடைக்குள் திரும்பிப் போனாள். சண்டைதான் பிடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் சத்தம் போடவில்லை. தாழ்ந்த குரலில், ஒரே சீராக, நிறுத்தாமல் கதைக்கத் தொடங்கினாள். சரி, பேரத்தைக் கையில் எடுத்துவிட்டாள், நல்லது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இடைஞ்சல் கொடுக்கக்கூடாதென்று, கணவருக்குக் காட்ட என் தொலைபேசியில் பூக்களை வீடியோ எடுத்துக்கொண்டு நின்றேன். ஹோட்டலில் வாட்ஸப் வேலை செய்யாததால் அனுப்ப வழியில்லை. வீட்டுக்குப் போய்க் காட்டலாம் என்று எடுத்தேன்.

மகள் கதைத்து முடித்தாள். கடைக்காரி எழுந்து வந்தாள். தன் முக்காலியை எனக்கு முன்னால் போட்டு இருக்கச் சொன்னாள். சின்னக் கோப்பையில் தேநீர் ஊற்றித் தந்தாள். பேரம் வென்றுவிட்டோம் என்று நினைத்தபடி நான் வாங்கிக் குடித்தேன். பிறகு அவள் என் வலது கையை எடுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பெருவிரல் அடியில் எனக்குத் தோல் வெடித்திருக்கும். கடை தொடங்குவதற்கு முன் வருடக்கணக்காய்ச் செய்த மெனாஜ் வேலை, தோலை அரிக்கும் ஜாவெல் தண்ணீரில் கந்தோர் கந்தோராய்த் தரை துடைத்தது, அது போட்ட வெடிப்பு. எத்தனை கிறீம் பூசியும் மாறவில்லை. அவள் அந்த வெடிப்பை விரலால் தடவிவிட்டுத் தன் கையை விரித்து என் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். விரல் நுனியெல்லாம் பசை சுட்ட தழும்பு. அவளுடைய கண் கலங்கியிருந்தது.

நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரில் தொங்கிய கொடிகளை எண்ணுகிறவள் போல அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

என் கையைப் பற்றி அந்நியப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? இவள் சொல்லித்தானே. விடிய முன் நான் வேலைக்குப் போகும்போது இவள் நித்திரை. பள்ளி இல்லாத நாட்களில் பார்க்க ஆள் இல்லாமல், சில தடவை தூக்கத்தோடு கூட்டிப்போய் அந்தக் கந்தோர்களின் சுழல் நாற்காலியில் இருத்தி, வண்ணம் தீட்டக் கொடுத்திருக்கிறேன். அதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டில் ஒரு நாளும் ஒருவரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

கடைக்காரி விலையைக் குறைத்தாள். நான் அதற்குமேல் பேரம் பேசவில்லை. வேண்டியதைச் சொன்னோம், கட்டி அனுப்ப ஒழுங்கு செய்தோம். வெளியே வந்து மெத்ரோவில் ஏறியதும் பொறுக்கமுடியாமல் கேட்டேன்.

"என்ன பிள்ளை சொன்னனீ அவவுக்கு?"

"ரியான், அம்மா," என்றாள். ஒன்றுமில்லையாம்.

"ஒண்டும் இல்லாததுக்கோ அந்த மனுசி அழுதவ?"

 அவள் என் பைக்குள் கைவிட்டுக் கடைசி வடையை எடுத்தாள். இரண்டாக உடைத்து, பெரிய பாதியை என் மடியில் வைத்துவிட்டுத் தன்னுடையதைத் தின்றாள். அதற்குப் பிறகு கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பாரிஸுக்கு வந்த பிறகு ஒருமுறை கேட்டேன். அதே 'ரியான்'தான்.

வீட்டுக்கு வந்த மறுநாள், சாப்பாட்டு மேசையில் கணவருக்குப் பூக்களைக் காட்ட அந்த வீடியோவைப் போட்டேன். மகள் வெளியே போயிருந்தாள். மல்லிகைச் சரம் திரையில் ஆடியது. அதற்குப் பின்னால், தெளிவாக, அவளுடைய குரல். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் சொன்னது முழுக்க என் கையில் இருக்கிறது. கணவர் பூவின் நிறத்தைப் பற்றி ஏதோ சொன்னார். என் காதில் ஏறவில்லை. நடுவில் நான் தொலைபேசியைத் திருப்பிய ஒரு கணம், மகளின் கை தெரிகிறது. கடை மேசையின் மேல் வட்ட வட்டமாக, துணியால் துடைக்கிற மாதிரி, மெதுவாகத் தடவிக் காட்டுகிறாள். பிறகு படம் மறுபடி ரோசாப் பூவுக்குப் போய்விடுகிறது. எனக்குக் கோபம் என் மீதே. ரோசாவை யார் கேட்டார்கள்.

அந்த வீடியோவை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சீனத்தில் அம்மாவுக்கு என்ன சொல்வார்கள் என்பதை மட்டும் முன்பே அறிந்திருந்தேன். அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. மற்றது ஒன்றும் விளங்காது. என்னைப் பற்றி அவள் பெருமையாகச் சொன்னாளா? பாவம், இவவை மன்னியுங்கள், படிக்காத மனுசி என்று சொன்னாளா? இந்த இரண்டுக்கும் நடுவில் என் மனம் கிடந்து அலைகிறது. குரலைக் கேட்டால் பெருமை மாதிரி இருக்கும். வேறொரு நாள் கேட்டால் இரக்கம் மாதிரி இருக்கும்.

விளங்கப்படுத்த ஆள் இல்லாமல் இல்லை. மகளுடைய சிநேகிதியின் தாய் ஒபேர்வில்லியேயில் ரிப்பன் கடைதான் வைத்திருக்கிறா. நல்ல மனுசி. ஒருநாள் இதற்கென்றே போனேன். தொலைபேசியை எடுத்து, வீடியோவைத் திறந்து, அவவின் முகத்துக்கு நேரே நீட்டவும் போய்விட்டேன். என்ன வேண்டும் என்று சிரித்துக்கொண்டு கேட்டா. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். என் மகள் என்னைப் பற்றிச் சொன்னதை எனக்கு இன்னொரு தாய் சொல்வதா? தொலைபேசியை மூடிவிட்டு, தங்க நிற ரிப்பன் என்ன விலை என்று கேட்டேன். தேவையில்லாத ரிப்பன் இரண்டு கட்டு இன்னும் கடையில் கிடக்கிறது.

மகள் இப்போது லியோனில். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பாள். அங்கே போன பிறகு தமிழ் கொஞ்சம் கூடியிருக்கிறது. யாரோடு கதைத்துப் பழகுகிறாளோ தெரியாது. அல்லது கேட்க ஆளில்லாத இடத்தில்தான் அது வெளியே வருகிறதோ. சம்பல் எப்படி இடிப்பது என்று கேட்கிறாள். குளிருக்குக் கைக்கு ஏதாவது பூசினீங்களோ என்று கேட்கிறாள். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம், இதோ சொல்லப்போகிறாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். அவள் வேறு கதைக்குப் போய்விடுவாள்.

என்னுடைய தொலைபேசியின் கண்ணாடி வெடித்துவிட்டது. மின்னேற்றினால் அரைநாள்கூட நிற்காது. தன் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் புதிது வாங்கித் தருகிறேன் என்கிறாள். வேண்டாம் என்கிறேன். அம்மாவுக்குப் பழசை எறிய மனம் வராது என்று தகப்பனிடம் சொல்லிச் சிரிக்கிறாளாம். சிரிக்கட்டும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒருநாள் போதுமான சொற்கள் வந்து சேரும். அன்றைக்கு இந்த வீடியோவை அவளுக்கு முன்னால் போட்டுவிட்டு, என்ன பிள்ளை சொன்னனீ என்று மறுபடியும் கேட்பேன். அவள் ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லாமல் இருந்தால் எனக்குப் போதும்.